மூன்று வாரம் கண்ணாடியைத் திட்டினேன்

பந்தய ட்ரோன் ஓட்டுகிறவன் நான். ட்ரோனின் கேமரா அனுப்புகிற படத்தைத் தலையில் மாட்டிய காகிள்ஸில், அதாவது வீடியோ கண்ணாடியில், பார்த்துக்கொண்டே கேட் என்கிற வளைவுகளுக்குள் நுழைந்து ஓட்ட வேண்டும். அந்தப் படத்தில்தான் கோளாறு. இரண்டாவது கேட்டைத் தாண்டி, இடப்பக்கம் திரும்பி, வேகத்துக்கான த்ராட்டிலை முழுசாக ஏற்றும்போதுதான் வரும். படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள், பத்துப் பதினைந்து, கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு வானத்துக்கு எதிரே நிற்கிற எதைப் பார்த்தாலும், கேட்டின் விளிம்பு, மரக்கிளை, எதுவானாலும் அதன் ஓரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பொடிப்பொடியாகத் தெறித்து இழுக்கும். அந்த அரை நொடியில் மூன்றாவது கேட் எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஞாபகத்தை நம்பித்தான் ஓட்ட வேண்டும். முதல் தடவை ஞாபகம் கைகொடுத்தது. இரண்டாவது தடவை ட்ரோன் புல்லுக்குள் தலைகீழாகக் கிடந்தது.

கோடு தெரிவது கண்ணாடிக்குள்ளே. அதனால் கோளாறும் கண்ணாடிக்குள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். டிவியில் படம் ஆடினால் டிவியின் தலையில் தட்டுவோமே, அதே புத்தி. மூன்று வாரம் அந்தக் காகிள்ஸை நான் படுத்திய பாடு கொஞ்சமல்ல. திருகைக் கழற்றித் திறந்தேன். திரைக்குப் போகும் பட்டை கேபிளை உருவித் துடைத்துத் திரும்பச் செருகினேன். ஃபர்ம்வேர் மாற்றினேன். புதிதாக ஒரு ரிசீவர் மாட்யூல் வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்துவிட்டு, ட்ரோனை மேசையில் வைத்து மோட்டாரைச் சுழலவிட்டுப் பார்ப்பேன். ஒரு கோடு வராது. சரி, போச்சு என்று மைதானத்துக்குப் போனால், அதே இரண்டாவது கேட், அதே கோடு.

மேசையில் வராதது ஏன் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காக ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் மேசையில் மோட்டாரை ஓட்டுவோம். காற்றைத் தள்ளுகிற வேலை இல்லாத மோட்டார் மிகக் குறைந்த கரண்டைத்தான் இழுக்கும். பறக்கும்போது நான்கு மோட்டாரும் சேர்ந்து நூறு ஆம்பியரைத் தொடுகிற இடத்தில் வருகிற கோளாறு, ஓரிரு ஆம்பியரில் எப்படித் தலைகாட்டும்?

எங்களோடு பறக்க வருகிற கல்லூரிப் பையன் ஒருவன் இருக்கிறான். வயதில் எனக்குப் பாதி, இந்த விஷயத்தில் அனுபவம் என்னைப்போல இரண்டு மடங்கு. என் புலம்பலைக் கேட்டுச் சலித்துப்போய் ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா, எந்தச் சேனல்ல இருக்கீங்க?"

"ஆர்-5 தம்பி."

ஆர்-5 என்பது வீடியோ போகிற ஒரு சேனலின் பெயர். அவன் தன் காகிள்ஸில் ஆர்-5 வைத்து மாட்டிக்கொண்டான். அனலாக் வீடியோவில் இது ஒரு வசதி. பூட்டு கிடையாது. அந்தச் சேனலை வைத்தவர் எல்லாருக்கும் ஒரே படம் தெரியும். நான் ஓட்ட, அவன் பார்த்தான். இரண்டு சுற்று முடிந்து இறக்கினேன்.

"கோடு எனக்கும் வருதுண்ணா. த்ராட்டில் குடுத்தா வருது, விட்டா போயிடுது."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. மூன்று வாரம், ஒரு புது மாட்யூல், திருகு போன இடத்தில் ஒட்டிய டேப். அவன் அதோடு நிறுத்தவில்லை.

"ஆனா கேட் ஓரமெல்லாம் வெள்ளையாத் தெறிக்குதுன்னு சொன்னீங்களே, அது எனக்கு வரலையே. உங்களுக்கு இப்பவும் வந்துச்சா?"

வந்தது. அதாவது எனக்கு இருந்தது இரண்டு வியாதி. ஒன்று ட்ரோனில், ஒன்று என் கண்ணாடிப் பக்கம். இரண்டையும் ஒரே வியாதியாக நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி சரியாகியிருந்தாலும் மீதிப் பாதி அதே இடத்தில் வந்து நிற்பதால் எதுவுமே வேலை செய்யவில்லை என்று தோன்றும். பிழை தேடுகிறவனை இதைவிட அதிகமாகக் குழப்புகிற நிலைமை கிடையாது.

அந்தப் படம் வருகிற வழியைக் கொஞ்சம் நடந்து பார்க்கலாம். கேமரா ஒரு அனலாக் சிக்னலைக் கொடுக்கிறது. அதில் இரண்டு தரம் உண்டு. என்டிஎஸ்சி என்றால் 525 வரி, நொடிக்கு ஏறத்தாழ 30 படம், பால் என்றால் 625 வரி, 25 படம். அது ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலரில் உள்ள ஓஎஸ்டி சிப் வழியாகப் போகிறது. பேட்டரி வோல்ட்டேஜ், பறந்த நேரம் போன்ற எழுத்துகளை அந்தச் சிப்தான் படத்தின் மேல் பதிக்கிறது. அங்கிருந்து விடிஎக்ஸ், அதாவது வீடியோ டிரான்ஸ்மிட்டர். அது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையில் எஃப்எம் முறையில் ஏற்றி ஆன்டெனாவுக்குத் தருகிறது. அப்புறம் காற்று. அப்புறம் நம் தலையிலுள்ள ஆன்டெனா, ரிசீவர், படத்தைப் பிரித்தெடுக்கும் சிப், கடைசியாகக் கண்ணுக்கு முன்னால் இரண்டு குட்டித் திரை. ஒவ்வொரு நிலையத்துக்கும் கெடுக்கிற விதம் வேறு.

ஓஎஸ்டி எழுத்துகள் இதில் நல்ல சாட்சி. கேமரா படம் மொத்தமாகப் போய், கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தின் மேல் வோல்ட்டேஜ் எண் மட்டும் திடமாக நிற்கிறதா? கேமராவோ அதன் வயரோ போயிருக்கிறது. விடிஎக்ஸும் காற்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. எழுத்தும் சேர்ந்து போய் வெறும் புள்ளி மழை என்றால், எழுத்தைப் பதித்த இடத்துக்குப் பின்னால் தேட வேண்டும். கோடு ஓடும்போதும் இதே கணக்கு ஓரளவு உதவும். படம் நெளிய, எழுத்து அசையாமல் நின்றால் சத்தம் கேமராவின் மின்சாரத்தில் ஏறுகிறது. எழுத்தும் சேர்ந்து நடுங்கினால் விடிஎக்ஸ் பக்கம் பார்க்கலாம். என் ரெக்கார்டிங்கை ஓட்டிப் பார்த்தபோது எழுத்தும் நடுங்கியது.

ரெக்கார்டிங் என்றதும் ஞாபகம் வருகிறது. பெரும்பாலான காகிள்ஸில் பார்க்கிற படத்தை மெமரி கார்டில் பதியும் வசதி உண்டு. கண்ணில் தெரிந்த கோளாறு பதிவிலும் இருந்தால் திரை, பட்டை கேபிள், லென்ஸ் எல்லாம் நிரபராதி. பதிவு சுத்தமாக இருந்து கண்ணுக்கு மட்டும் கெட்டுத் தெரிந்தால்தான் காகிள்ஸின் திருகைத் தொட வேண்டும். என் கார்டில் முதல் நாளிலிருந்தே கோடும் தெறிப்பும் பதிவாகியிருந்தன. நான் பார்க்கவே இல்லை. விழுந்த ட்ரோனைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அந்தக் கார்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

இனி கோடு. த்ராட்டிலோடு சேர்ந்து கூடிக் குறைகிற கோடு என்றால் அது பேட்டரி லைனில் இருந்து வருகிற மின்சத்தம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈஎஸ்சி என்ற சர்க்யூட், மோட்டாருக்குப் போகும் கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் பேட்டரி லைனில் வோல்ட்டேஜ் ஒரு குதி குதிக்கும். வீடியோவின் ஒரு வரி வரைய ஏறத்தாழ 64 மைக்ரோ நொடி. அந்தக் குதிப்புகள் கேமராவுக்கும் விடிஎக்ஸுக்கும் போகிற மின்சாரத்தில் ஏறினால், வரிகளின் மேல் வெளிச்சமாகவும் இருட்டாகவும் விழும். மோட்டாரின் வேகம் மாற மாறக் கோடு நகரும், தடிக்கும், சாயும். இதை அடக்கத்தான் பேட்டரி வயர் சேருகிற இடத்தில் ஒரு கெபாசிட்டரை வைக்கிறோம். என்னுடையது 6 செல் பேட்டரி. முழு சார்ஜில் 25.2 வோல்ட். அதற்கு 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட், உள்மின்தடை குறைந்த வகை.

"கெபாசிட்டர் போட்டிருக்கேனே" என்றேன். போட்டுத்தான் இருந்தேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பையன் பிளாஸ்டிக் இடுக்கியால் கெபாசிட்டரின் தலையை லேசாகத் தள்ளினான். தலை அசைந்தது. அதில் தப்பில்லை, கால்கள் மெல்லிய கம்பிதான். அவன் போனில் டார்ச்சைப் போட்டு நெகட்டிவ் கால் பற்றவைத்த பேடின் மேல் சாய்வாக வெளிச்சம் விழுகிற மாதிரி பிடித்து, "இப்பப் பாருங்க" என்று மறுபடி தள்ளினான். ஈயக் குமிழின் நடுவில், கம்பியைச் சுற்றி ஒரு முடி அளவுக்கு வட்டமாகக் கறுப்பு விளிம்பு. தலையைத் தள்ளும்போது கம்பி அந்த வட்டத்துக்குள் ஏறி இறங்கியது. குமிழ் அசையவே இல்லை. நேராக மேலிருந்து பார்த்தால் பளபளவென்று அழகான சால்டரிங்.

எத்தனையோ விழுந்ததில் ஏதோ ஒன்று. கெபாசிட்டர் கனமானது, ட்ரோன் தரையில் மோதும்போது அது தன் காலில் தானே ஊசலாடும். ஓரிரண்டு தடவை தாங்கும். பழையதைக் கழற்றி, புதிதை எடுத்து, காலை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டிப் பற்றவைத்தேன். நீளமான கால், கெபாசிட்டர் செய்கிற வேலையைப் பாதி கெடுத்துவிடும். உடம்பை ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டவும் செய்தேன். கட்டாமல் விட்டது என் சோம்பேறித்தனம், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் கோடு இல்லை. தெறிப்பு மட்டும் இருந்தது.

இந்தத் தெறிப்புக்குக் காரணம் தெரிந்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. விடிஎக்ஸில் வைத்திருந்த ஆர்-5 என்பது 5806 மெகாஹெர்ட்ஸ். என் காகிள்ஸில் தேடு பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் தானே சேனலைக் கண்டுபிடித்து நிற்கும். அந்தப் புது மாட்யூல் போட்ட அன்றைக்கு, இல்லை, அதற்கும் முன்னால் ஏதோ ஒரு நாள், மேசையில் வைத்து அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். ஒரு கை தூரத்தில் 200 மில்லிவாட் விடிஎக்ஸ் கத்திக்கொண்டிருந்தால் பக்கத்துச் சேனல்கள் எல்லாவற்றிலும் சிக்னல் முழுசாக இருப்பதாகவே ரிசீவருக்குத் தெரியும். அது எஃப்-4 என்ற சேனலில், அதாவது 5800 இல் போய் உட்கார்ந்துகொண்டது. 6 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம். படம் வருகிறது, கலர் வருகிறது, தூரமும் ஓரளவு கிடைக்கிறது. ஆனால் எஃப்எம் முறையில் வெளிச்சம் மாறினால் அலைவரிசையே நகரும். ரிசீவர் ஓரமாக உட்கார்ந்திருந்தால் வெளிச்சம் திடீரென்று தாவுகிற இடங்களில் அலை அதன் எல்லைக்கு வெளியே போய்விடும். இருண்ட கேட்டிலிருந்து வெயில் வானத்துக்குத் தாவுகிற விளிம்பில் தெறிக்கிறது, புல்தரையில் தெறிக்கவில்லை என்றால் காரணம் அதுதான். நானும் "ஆர்-5 தம்பி" என்று ட்ரோனில் வைத்ததைத்தான் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் எச்சரிக்கை. 5800க்குப் பக்கத்தில் மட்டும் எஃப்-4 இல் 5800, ஏ-4 இல் 5805, ஆர்-5 இல் 5806, பி-5 இல் 5809 என்று நான்கு இருக்கின்றன. ஏ-4க்கும் ஆர்-5க்கும் உள்ள ஒரு மெகாஹெர்ட்ஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆறு தெரியும். தேடு பொத்தானை நம்பாமல் பேண்டையும் (அந்த எழுத்து) சேனலையும் (அந்த எண்) கையால் வையுங்கள். தேடித்தான் ஆக வேண்டுமென்றால் ட்ரோனைப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி வைத்துவிட்டுத் தேடுங்கள். பக்கத்தில் வைத்தால் சேனல் தப்புவதோடு, ரிசீவர் திணறி நல்ல சேனலிலும் படம் கெட்டுத் தெரியும்.

அதே சமயம் விடிஎக்ஸில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுச் சக்தியைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வெளியே போக வழியில்லாத சக்தி உள்ளேயே திரும்பி, விடிஎக்ஸைச் சுட்டுவிடும்.

ஆன்டெனாவில் இன்னொரு திருட்டுத்தனம் உண்டு. எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு வகைத் திருகு இணைப்பு. மரை ஒன்றுதான், அதனால் ஒன்றோடு ஒன்று இறுக்கமாகப் பொருந்தும். நடுவில் ஊசி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். தப்பாகச் சேர்த்தால் ஓட்டைக்கு எதிரே ஓட்டை வந்துவிடலாம். உள்ளே எதுவும் தொடாது. அறைக்குள் படம் நன்றாகவே தெரியும், முதல் கேட்டுக்குப் போவதற்குள் புள்ளி மழை கொட்டும். ஆன்டெனாவை வாங்கிய கையோடு இரண்டு பக்கமும் உள்ளே எட்டிப் பாருங்கள், ஒரு ஊசி, ஒரு ஓட்டை இருக்க வேண்டும்.

அடுத்தது சுழற்சி. பந்தய ட்ரோனில் அலை திருகுபோலச் சுழன்று போகிற ஆன்டெனாதான் வழக்கம். வலச்சுழல், இடச்சுழல் என்று இரண்டு உண்டு. ட்ரோனில் ஒன்றும் கண்ணாடியில் மற்றதும் இருந்தால் சிக்னலில் பெரும்பகுதி காணாமல் போகும், தூரம் சட்டென்று சுருங்கிவிடும். வம்புக்காக யாரும் இப்படிச் சுழல வைக்கவில்லை. உலோகத்திலோ சுவரிலோ பட்டுத் திரும்புகிற அலை சுழலும் திசையை மாற்றிக்கொள்கிறது. அதனால் நேராக வருகிற அலையை ஆன்டெனா எடுத்துக்கொண்டு, எதிரொலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். பெரும்பாலும்தான், முழுசாக இல்லை.

புள்ளி மழையையும் கிழிசலையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்பது நான் தாமதமாகக் கற்றது. தூரம் கூடி சிக்னல் தேய்ந்தால் புள்ளிகள் மெதுவாகக் கூடும், நிறம் முதலில் மங்கும், திரும்பி வர நேரம் கிடைக்கும். எதிரொலி மோதினால் அப்படி முன்னறிவிப்பு எதுவும் இல்லை. படம் ஒரு கணம் சுத்தமாக இருக்கும், மறுகணம் பட்டையாகக் கிழிந்து பக்கவாட்டில் தள்ளும், மறுபடி சரியாகும். இரண்டு வழியில் வந்த அலைகள் ஒன்றையொன்று அழிக்கிற இடத்தை ட்ரோன் கடந்துபோகிறது, அவ்வளவுதான். அது வெறும் சில சென்டிமீட்டர் அகலமுள்ள குழி. இரண்டு ரிசீவர் வைத்த மாட்யூல்கள் இதற்குக் கொஞ்சம் உதவும், ஒரு ஆன்டெனா குழியில் விழுந்தால் மற்றது வெளியே இருக்கும். ஆனால் சிக்னலின் பலத்தை மட்டும் பார்த்து மாறுகிற எளிய வகை சில சமயம் பலமான குப்பையைத் தேர்ந்தெடுக்கும்.

ஆறு பேர் சேர்ந்து பறக்கும்போது கதையே வேறு. அடுத்தடுத்த சேனல்கள் மோதாது என்று நினைப்போம், ஆர் பேண்டில் இடைவெளி 37 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறதே. ஆனால் இரண்டு அலைகள் கலந்து மூன்றாவதாக ஒரு பேயைப் பிறப்பிக்கும். ஆர்-1 இன் 5658, ஆர்-2 இன் 5695. இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்தால் 5732. அது அப்படியே ஆர்-3. அங்கே பறக்கிறவர் யார்மீது புகார் சொல்வார்? அதனால்தான் ஆறு பேருக்கு 5658, 5695, 5760, 5800, 5880, 5917 என்று பேண்டுகளைக் கலந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பேய்கள் யார் தலையிலும் நேராக உட்காராது. ஒருவர் மட்டும் 600 மில்லிவாட்டில், மற்றவர்கள் 25இல் என்றால் இந்தப் பட்டியலும் காப்பாற்றாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படம் மேலும் கீழும் உருண்டால், அல்லது எழுத்துகள் துள்ளினால், கேமராவில் பால், ஓஎஸ்டியில் என்டிஎஸ்சி என்று மாறிக் கிடக்கிறதா பாருங்கள். சுவரும் கம்பமும் ஜெல்லிபோல நெளிந்தால் அது சிக்னல் கோளாறே இல்லை. வளைந்த ப்ரொப்பெல்லர் அல்லது தளர்ந்த கேமரா திருகு. ஓரங்கள் மட்டும் மங்கல் என்றால் லென்ஸ் இடைவெளியை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யவில்லை. பறந்து இறக்கி, ட்ரோன் சும்மா நிற்கும்போது படம் மெல்ல மோசமானால் விடிஎக்ஸ் சூடாகித் தன் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது, காற்று பட்டால் சரியாகும். சிக்னல் தேய்ந்ததும் படத்தை அணைத்து நீலத் திரை காட்டுகிற காகிள்ஸ் இருந்தால் பந்தயத்துக்கு வேண்டாம். கிழிந்த படத்திலும் கேட்டைப் பார்த்துவிடலாம், நீலத்தில் என்ன பார்ப்பது?

டிஜிட்டலுக்குப் போனால் இதெல்லாம் போய்விடும் என்பார்கள். கோடு போகும், உண்மைதான். 2019இல் ட்ரோன் கம்பெனியான டிஜேஐ தன் டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்த பிறகு அந்தத் தெளிவைப் பார்த்து நானும் வாய் பிளந்தேன். ஆனால் அங்கே சிக்னல் சரிந்தால் படம் கட்டம் கட்டமாகும், அப்புறம் உறைந்து நிற்கும். உறைந்த படம் சுத்தமாக இருப்பதால் நம்பிவிடுவோம். பந்தயத்துக்கு என்னைக் கேட்டால் இன்னும் அனலாக்தான், இல்லையென்றால் ஹெச்டிசீரோ என்ற டிஜிட்டல் முறை மாதிரி உறையாமல் புள்ளியாக உதிர்கிற வகை. இதில் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

எஃப்-4ஐ ஆர்-5 ஆக மாற்றியதும் தெறிப்பு போனது. கோடும் இல்லை, தெறிப்பும் இல்லை. சுத்தமான படத்தோடு நான்கு சுற்று அடித்தேன். ஐந்தாவதில், மைதானத்தின் மறுகோடியில், தகரக் கொட்டகைப் பக்கம் இருக்கிற கேட்டில், பளிச்சென்று ஒரு கிழிசல். ஆறாவதிலும் அதே இடம். இறக்கிவிட்டுப் பையனைப் பார்த்தேன்.

"எனக்கு அங்க வரலண்ணா" என்றான். அவன் எனக்கு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தான்.

எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் போட்டேன்.